பத்திரத்தில் எண் மாறுகிறது, இரவில் மூச்சு நிற்கிறது

சிவகங்கைப் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். வயது 56. முப்பது வருஷத்துக்கும் மேலாகப் பத்திர எழுத்தர். அவர் யாரென்று தெரியக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டுக் கடிதத்தின் சாரத்தை மட்டும் தருகிறேன்.

"இத்தனை வருஷத்தில் நான் பிழைத்திருத்தல் பத்திரம் எழுதியதெல்லாம் மற்றவர்கள் செய்த தவறுக்குத்தான். போன எட்டு மாதத்தில் மூன்று முறை என் தவறுக்கே எழுதிவிட்டேன்" என்று கடிதம் தொடங்குகிறது. ஒரு கிரையப் பத்திரத்தில் சர்வே எண் 214 என்பது 241 ஆகிவிட்டது. இன்னொன்றில் நான்கெல்லை எழுதும்போது கிழக்கும் மேற்கும் இடம் மாறின. மூன்றாவதில் வாங்குபவரின் அப்பா பெயரை விற்பவருக்குப் போட்டுவிட்டார். பார்ட்டிகள் யாரும் சத்தம் போடவில்லை. "வயசாயிடுச்சுல்ல" என்று அவர்கள் பரிவாகச் சொன்னதுதான் அவரை அதிகம் உறுத்துகிறது.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு உட்கார்ந்தபடியே கண் சொருகுகிறது. ரயில்வே கேட்டில் பைக்கை நிறுத்திக் காத்திருந்தவர் தூங்கிப்போக, பின்னால் நின்றவர் ஹாரன் அடித்து எழுப்பியிருக்கிறார். காலையில் தலைவலி. இரவில் மூன்று முறை சிறுநீர் கழிக்க எழுந்திருக்கிறார். வீட்டில் யார் என்ன கேட்டாலும் எரிந்து விழுகிறார். குறட்டை பதினைந்து வருஷமாக உண்டு, மனைவி ஹாலில் படுத்துக்கொள்கிறார். சர்க்கரைக்கு ஏழு வருஷமாக மெட்ஃபார்மின், ரத்த அழுத்தத்துக்கு இரண்டு மாத்திரை. இது போதாதென்று, தூக்கம் சரியில்லை என மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கிய அல்பிரசோலம், ஒரு வருஷமாக. அடுத்த மாதம் குடலிறக்க ஆபரேஷன் வேறு இருக்கிறது.

தலை ஸ்கேன் நார்மல். பிறகு ஒரு டாக்டர் சொல்லி, வீட்டிலேயே செய்யும் தூக்கப் பரிசோதனை எடுத்திருக்கிறார். ஏ.எச்.ஐ. (தூக்கத்தில் ஒரு மணி நேரத்துக்கு எத்தனை முறை மூச்சு தடைபடுகிறது என்ற எண்) 42. ரத்தத்தில் ஆக்சிஜன் 71 சதவீதம் வரை இறங்கியிருக்கிறது. மாஸ்க் வழியாகக் காற்றை அழுத்தி அனுப்பும் சிபாப் மிஷின் வாங்கி நான்கு இரவு மாட்டிப் பார்த்தார். மூச்சு முட்டியது, மூக்கு காய்ந்தது. இப்போது அது அட்டைப்பெட்டியோடு கட்டிலுக்கு அடியில் இருக்கிறது.

அவருடைய அப்பா கடைசி நான்கு வருஷம் டிமென்ஷியாவில் இருந்தவர். பெற்ற மகனையே "யாரு சார் நீங்க" என்று கேட்டவர். எனவே கேள்விகள் நேராக வருகின்றன. இது அப்பாவுக்கு வந்ததன் தொடக்கமா? மூளை கெட்டது கெட்டதுதானா, இல்லை திரும்புமா? மிஷினுக்குப் பழகிவிட்டால் அப்புறம் அது இல்லாமல் மூச்சே வராதா? மகன் சொல்வதுபோல் தொழிலை விட்டுவிடலாமா?

அன்புள்ள நண்பருக்கு,

கடிதத்தோடு வந்த வீடியோவை மூன்று முறை பார்த்தேன். உங்கள் மனைவி செல்போனில் எடுத்தது. மல்லாந்து படுத்திருக்கிறீர்கள். குறட்டை ஏறிக்கொண்டே போய்ச் சட்டென்று நின்றுவிடுகிறது. அறை அமைதியாகிறது. விவரம் தெரியாதவர் பார்த்தால் "அப்பாடா, நிம்மதியாகத் தூங்குகிறார்" என்பார். ஆனால் பனியனுக்குள் நெஞ்சும் வயிறும் எதிரெதிராக ஏறி இறங்குகின்றன, காற்று மட்டும் போகவில்லை. கேமராவுக்குப் பின்னால் உங்கள் மனைவி மெல்லிய குரலில் எண்ணுகிறார்: "இருபத்தி ஒண்ணு, இருபத்தி ரெண்டு..." முப்பத்தி நாலு வரை போகிறது. அப்புறம் பெரிதாக ஓர் உறுமல், காலில் ஓர் உதறல், கை முகத்தைத் தடவுகிறது, மறுபடியும் குறட்டை. நீங்கள் கண்ணைத் திறக்கவே இல்லை. காலையில் கேட்டால் "நல்லாத்தான் தூங்கினேன்" என்பீர்கள். உங்களைப் பொறுத்தவரை அது உண்மையும்கூட.

தூங்கும்போது தொண்டையின் தசைகள் தளர்கின்றன. சிலருக்கு அந்தத் தளர்ச்சியில் மூச்சுவழி ஒட்டிக்கொண்டு அடைத்துவிடுகிறது. பத்து விநாடிக்கு மேல் மூச்சு நின்றாலோ, ஆக்சிஜனை இறக்கும் அளவுக்குக் குறைந்தாலோ அதை ஒரு தடையாக எண்ணுகிறோம். ஒரு மணி நேரத்தில் எத்தனை தடை என்பதுதான் ஏ.எச்.ஐ. ஐந்துக்குக் கீழே என்றால் கவலையில்லை. முப்பதுக்கு மேலே போனால் கடுமையான ஸ்லீப் ஆப்னியா, அதாவது தூக்கத்தில் மூச்சு தடைபடும் நோய். உங்களுக்கு 42. ஆறு மணி நேரம் தூங்கினால் ஓர் இரவுக்கு 250 தடவை. ஒன்றரை நிமிடத்துக்கு ஒரு முறை யாரோ தோளைத் தட்டி எழுப்பிக்கொண்டே இருப்பதுபோல.

"எட்டு மணி நேரம் தூங்குகிறேனே, அப்புறம் எப்படித் தூக்கம் பற்றாமல் போகும்?" என்று கேட்டிருந்தீர்கள். படுக்கையில் கிடந்த நேரத்தைத்தான் நீங்கள் கணக்குப் பார்க்கிறீர்கள். மூளை கணக்குப் பார்ப்பது தொடர்ச்சியை. "நான் குண்டுகூட இல்லையே" என்றும் எழுதியிருக்கிறீர்கள். ஐந்தரை அடி உயரம், 74 கிலோ, உண்மையில் பெரிய உடம்பில்லை. ஆனால் சட்டைக் காலர் பதினாறரை அங்குலம் என்று நீங்களே சொல்கிறீர்கள். தடித்த கழுத்தும் கொஞ்சம் உள்ளடங்கிய தாடையும் இருந்தால் போதும். நம்மைப் போன்ற ஆசியர்களுக்கு முக எலும்பின் அமைப்பாலேயே, குறைந்த எடையிலும் இது வருகிறது.

அந்த மூன்று முறை சிறுநீரும் சர்க்கரையால் மட்டும் என்று முடிவு கட்ட வேண்டாம். அடைத்த தொண்டையோடு மூச்சை இழுக்கும்போது நெஞ்சுக்குள் உறிஞ்சும் அழுத்தம் உண்டாகி இதயத்தின் மேலறை இழுபடுகிறது. ரத்தம் அதிகமாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டு, சிறுநீரைப் பெருக்கும் ஒரு ஹார்மோனை அது சுரக்கிறது. மாஸ்க் மாட்டிய முதல் வாரத்திலேயே பலருக்கு இது குறைந்துவிடும். புரோஸ்டேட் மாத்திரையைப் பல வருஷம் சாப்பிட்டுக்கொண்டிருந்த சிலர் என் எதிரே உட்கார்ந்து சிரித்திருக்கிறார்கள்.

மறதியா, கவனமா?

உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் பயன்பட்ட வரி ஒன்று உண்டு. "பார்ட்டி பெயர் ஞாபகம் வரவில்லை என்றால், மனைவி முதல் எழுத்தைச் சொன்னதும் வந்துவிடுகிறது." இதைப் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். நாங்கள் இதற்காகவே சோதனை வைத்திருக்கிறோம்: ஐந்து சொற்களைச் சொல்லி, சில நிமிடம் கழித்துக் கேட்போம். வரவில்லை என்றால் "அது ஒரு பூ" என்று குறிப்புக் கொடுப்போம். அல்சைமர் நோயில் பெரும்பாலும் குறிப்பும் உதவாது, ஏனென்றால் அந்தச் சொல் உள்ளே பதிவாகவே இல்லை. குறிப்புக் கொடுத்ததும் வருகிறது என்றால் சொல் உள்ளேதான் இருக்கிறது, தேடி எடுக்கும் ஆளுக்குத்தான் களைப்பு.

நீங்கள் செய்த மூன்று தவறுகளையும் மறுபடி பாருங்கள். 214 என்பது 241. கிழக்கு மேற்காகிறது. இரண்டு பெயர்கள் இடம் மாறுகின்றன. நான்கெல்லை என்றால் என்ன என்பதை நீங்கள் மறக்கவில்லை. ஒன்றைக் கண்ணால் பார்த்து, மனதில் நான்கைந்து விநாடி பிடித்துவைத்து, கைக்குக் கொண்டுவரும் அந்தச் சின்னப் பயணத்தில்தான் சறுக்கல். அது நெற்றிக்குப் பின்னால் இருக்கும் முன்மூளையின் வேலை. கவனத்தை ஒரு இடத்தில் நிறுத்துவது, இரண்டு விஷயங்களை ஒரே நேரத்தில் கையாள்வது, "இரு, இன்னொரு தடவை பார்" என்று தன்னைத் தானே தடுத்துக்கொள்வது எல்லாம் அங்கேதான் நடக்கிறது. ஸ்லீப் ஆப்னியாவில் முதலில் அடி வாங்குவதும் பெரும்பாலும் அந்த இடம்தான். வீட்டில் எரிந்து விழுவதும் அதே பட்டியலில் வரும். கோபத்துக்குக் கடிவாளம் போடுவதும் அதே முன்மூளைதானே.

இன்னொன்று: உங்கள் தவறுகளை நீங்களே எண்ணி, தேதியோடு எழுதியிருக்கிறீர்கள். டிமென்ஷியாவில் பல நேரம் வீட்டார்தான் கவலையோடு அழைத்து வருவார்கள், நோயாளி "எனக்கென்ன?" என்பார். இதை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுத முடியாது. ஆனாலும் உங்கள் கடிதம் அந்தப் பக்கம் சாயவில்லை.

இரவில் மூளைக்கு என்ன ஆகிறது

உங்கள் தொழிலில் வைத்தே சொல்கிறேன். எழுதி முடித்த பத்திரம் சார்பதிவாளர் முன் போய்ப் பதிவாகும்வரை வெறும் காகிதம். பகலில் நாம் பார்த்த, கேட்ட, படித்தவை மூளையில் அப்படித்தான் கிடக்கின்றன. காதுக்கு மேலே, உள்ளடங்கி இருக்கும் ஹிப்போகாம்பஸ் என்ற பகுதி அவற்றைத் தற்காலிகமாக வாங்கி வைக்கிறது. ஆழ்ந்த தூக்கத்திலும் கனவுத் தூக்கத்திலும் அவை நிலையான பதிவாகின்றன. ஒன்றரை நிமிடத்துக்கு ஒரு முறை யாரோ கதவைத் தட்டிச் சார்பதிவாளரை வெளியே கூப்பிட்டால் அன்றைக்கு எத்தனை பத்திரம் பதிவாகும்? அதுதான் உங்களுக்கு நடக்கிறது. கனவுத் தூக்கத்தில் உடம்பின் தசைகள் முழுக்கத் தளர்ந்துவிடுவதால் தடைகளும் அங்கேதான் நீளமாக வரும்.

இது முதல் அடி. இரண்டாவது அடி ஆக்சிஜன். கோவிட் காலத்தில் விரலில் மாட்டிய கருவியில் 90-க்குக் கீழே போனாலே படுக்கை தேடி ஓடினோம். உங்களுக்கு 71 வரை போய்த் திரும்புகிறது. ஒவ்வொன்றும் சில விநாடிகள்தான், அதனால் கோவிட் நிலையோடு அப்படியே ஒப்பிடக் கூடாது. ஆனால் இறங்கி ஏறி, இறங்கி ஏறி, ஒரே இரவில் நூற்றுக்கணக்கில் நடக்கும்போது ரத்தக் குழாய்களின் உட்சுவர் புண்படுகிறது, ரத்த அழுத்தம் எகிறுகிறது. ஆக்சிஜன் குறைவைத் தாங்காத செல்களில் முதல் வரிசையில் இருப்பவை ஹிப்போகாம்பஸில்தான் இருக்கின்றன. காலைத் தலைவலிக்கும், இரண்டு மாத்திரைக்கும் அடங்காத ரத்த அழுத்தத்துக்கும் இதில் பங்கு இருக்கலாம்.

மூன்றாவதாக ஒன்று சொல்வார்கள். தூங்கும்போது மூளைச் செல்களுக்கு இடையிலான இடைவெளி விரிந்து, அமிலாய்டு போன்ற கழிவுகள் வேகமாக வெளியேறுகின்றன என்று 2013-இல் எலிகளில் காட்டினார்கள். மனிதரில் இது எந்த அளவுக்கு நடக்கிறது என்பதில் ஆய்வாளர்களுக்குள் இன்னும் சண்டை ஓய்ந்தபாடில்லை. செல்போனில் வரும் "தூக்கம் கெட்டால் மூளைக்குள் குப்பை" வகை வீடியோக்களைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

அப்பாவின் நோய் பற்றி. 2011-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், சராசரி 82 வயதுள்ள 298 பெண்களைச் சுமார் ஐந்து வருஷம் கவனித்தார்கள். தூக்கத்தில் மூச்சுத் தடை இருந்தவர்களில் 44.8 சதவீதம் பேருக்கும், இல்லாதவர்களில் 31.1 சதவீதம் பேருக்கும் நினைவுக் குறைபாடோ டிமென்ஷியாவோ வந்தது. தொடர்பு இருக்கிறது என்பது இதிலிருந்து தெரிகிறது. ஆனால் மூச்சுத் தடை இல்லாதவர்களிலும் மூன்றில் ஒருவருக்கு வந்ததைப் பாருங்கள், இருந்தவர்களில் பாதிக்கு மேல் வராததையும் பாருங்கள். அப்பாவுக்கு வந்தால் மகனுக்கும் வந்தே தீரும் என்பதும் தவறு. அப்பாவின் மரபணுவை மாற்ற முடியாது, இரவில் அடைக்கும் தொண்டையைத் திறந்து வைக்க முடியும். அதைச் செய்துவிட்டு மற்றதைப் பார்ப்போம்.

திரும்புமா?

இதில் உங்களுக்கு இனிப்புத் தடவிச் சொல்ல மாட்டேன். மிலான் நகர ஆய்வாளர்கள் 2011-இல், கடுமையான ஆப்னியா உள்ள ஒரு சிறு குழுவுக்கு எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். ஹிப்போகாம்பஸிலும் முன்மூளையிலும் சாம்பல் நிறப் பகுதி குறைந்திருந்தது. மூன்று மாதம் சிபாப் ஒழுங்காகப் போட்ட பிறகு அதில் ஒரு பகுதி திரும்பியிருந்தது, சோதனை மதிப்பெண்களும் ஏறின. நரம்பு இழைகள் ஓடும் வெண்ணிறப் பகுதி தேறுவதற்கு ஏறக்குறைய ஒரு வருஷம் ஆனது. 2006-இல் இன்னொரு சிறிய ஆய்வு. நினைவுச் சோதனையில் பின்தங்கிய 58 பேர் மூன்று மாதம் மிஷின் போட்டார்கள். இரவுக்கு ஆறு மணி நேரத்துக்கு மேல் போட்டவர்களில் 68 சதவீதம் பேர் இயல்பான மதிப்பெண்ணுக்கு வந்தார்கள். இரண்டு மணி நேரத்துக்கும் குறைவாகப் போட்டவர்களில் 21 சதவீதம்தான்.

இது நல்ல செய்தி. மறுபக்கமும் உண்டு. ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களைச் சேர்த்து, பாதிப் பேருக்குப் போலி மிஷின் கொடுத்து ஆறு மாதம் நடத்திய பெரிய பரிசோதனையின் முடிவு 2012-இல் வந்தது. பகல் தூக்கம் தெளிவாகக் குறைந்தது. ஆனால் சிந்தனைத் திறனில் இரண்டு குழுவுக்கும் இடையே பெரிய வித்தியாசம் தென்படவில்லை. ஆகவே "மாஸ்க் மாட்டினால் பழைய ஆள் அப்படியே திரும்பி வருவார்" என்று நான் எழுதித் தர முடியாது. என் அனுபவத்தில் முதலில் போவது கண் சொருகல், அப்புறம் எரிச்சல். கவனம் மெதுவாக, வாரக்கணக்கில் வரும். ஞாபகம் கடைசி. உங்களைப் போல ஐம்பதுகளில், ஆக்சிஜன் இந்த அளவுக்கு இறங்கி, பகலில் கண்ணைத் திறக்கவே முடியாதவர்களிடம் மாற்றம் நன்றாகவே தெரிகிறது.

தலை ஸ்கேன் நார்மல் என்பதால் இவை எதுவும் இல்லை என்று ஆகிவிடாது. ஆய்வில் கண்ட மாற்றங்கள் பலருடைய படத்தைக் கணினியில் அளந்து ஒப்பிட்டால்தான் தெரியும், ரிப்போர்ட்டில் எழுதும் அளவுக்குப் பெரியவை அல்ல. எம்.ஆர்.ஐ.க்கு இப்போது பணம் செலவழிக்க வேண்டாம். அந்தப் பணத்தில் இரண்டு ரத்தப் பரிசோதனை செய்யுங்கள்: தைராய்டு, வைட்டமின் பி12. ஏழு வருஷ மெட்ஃபார்மின் பி12-ஐக் குறைக்கக்கூடியது, பி12 குறைவும் இதே மாதிரி மந்தத்தைத் தரும். மனச்சோர்வு இருக்கிறதா என்றும் உங்கள் டாக்டர் விசாரிக்கட்டும். முடிந்தால் நரம்பியல் மருத்துவரிடம் இப்போதே ஒரு நினைவுச் சோதனை செய்து மதிப்பெண்ணை எழுதி வாங்கி வையுங்கள். மூன்று மாதம் கழித்து அதே சோதனையைச் செய்யும்போது ஒப்பிட ஏதாவது வேண்டும் அல்லவா?

அந்த மாத்திரை

எனக்கு உண்மையில் கோபம் வந்தது இங்கேதான். உங்கள் மேல் இல்லை. அல்பிரசோலம் எச்1 அட்டவணையில் உள்ள மருந்து. சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது, விற்றதைப் பதிவேட்டில் எழுத வேண்டும். கடையில் கொடுத்தவருக்கு உங்கள் தொண்டையைப் பற்றித் தெரியாது. அது தொண்டைத் தசையை இன்னும் தளர்த்துகிறது. மூச்சு நின்றதும் மூளை "எழுந்திரு" என்று உலுக்கும் அல்லவா, அந்த உலுக்கலையும் மழுங்கடிக்கிறது. வீடியோவில் முப்பத்தி நாலு எண்ணும்வரை நீண்டதற்கு இதுவும் காரணமாக இருக்கலாம். ஞாபகக் குறைவும் இந்த மாத்திரையின் அறிந்த பக்க விளைவுதான். ஆனால் ஒரு வருஷம் சாப்பிட்டதை நாளைக்கே தூக்கி எறியாதீர்கள். திடீரென நிறுத்தினால் நடுக்கம், பதற்றம், சிலருக்கு வலிப்புகூட வரும். டாக்டரிடம் காட்டி வாரக்கணக்கில் குறைத்துத்தான் விட வேண்டும். இரவு நேர மதுப் பழக்கத்துக்கும் இதே கதைதான். கடிதத்தில் அதைப் பற்றி இல்லை, இருந்தால் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கட்டிலுக்கு அடியில் இருக்கும் மிஷின்

பலர் சிபாப்பை ஆக்சிஜன் மிஷின் என்றோ வென்டிலேட்டர் என்றோ நினைக்கிறார்கள். இரண்டும் இல்லை. அறைக் காற்றையே கொஞ்சம் அழுத்தத்தோடு அனுப்பி, தொண்டை ஒட்டாமல் திறந்து வைக்கிறது, அவ்வளவுதான். மூச்சை இழுப்பது நீங்கள்தான். அதனால் பழகினால் மூச்சே வராமல் போகும் என்ற பயத்துக்கு இடமில்லை. கண்ணாடி போட்டுப் பழகியவருக்குக் கழற்றினால் பழைய மங்கல்தானே தெரியும், அதுபோலத்தான் இதுவும். ஆனால் கண்ணாடி போலவே, போடும்வரைதான் பலன். ஆயுசு முழுக்கவா என்றால், எடையோ தாடையோ மாறாதவரை ஆமாம்.

இதைக் கண்டுபிடித்தவர் ஆஸ்திரேலிய மருத்துவர் காலின் சல்லிவன். 1981-இல் சிட்னியிலிருந்து ஐந்து நோயாளிகளின் விவரத்தோடு வெளியிட்டார். தொடக்க காலத்தில் வாக்குவம் கிளீனர் வகை மோட்டார், இரவுதோறும் முகத்தில் பசைபோட்டு ஒட்டிய மாஸ்க். அதையும் போட்டுக்கொண்டு தூங்கியிருக்கிறார்கள், தூக்கம் அவ்வளவு சுகமாக இருந்திருக்கிறது.

உங்கள் நான்கு இரவும் தோற்றதற்குக் காரணம் நீங்கள் இல்லை என்றே நினைக்கிறேன். மிஷினைப் பெட்டியோடு கையில் கொடுத்து அனுப்பிவிட்டார்கள், உட்கார்ந்து பழக்கவில்லை. வீடியோவில் பார்த்த அந்த மீசைக்கு மூக்கும் வாயும் மூடுகிற பெரிய மாஸ்க் சரிவராது, ஓரத்தில் காற்று ஒழுகும். ஒழுகினால் பட்டையை இறுக்குவோம், இறுக்கினால் இன்னும் ஒழுகும். மீசையை எடுக்கச் சொல்ல மாட்டேன், எழுந்து போய்விடுவீர்கள். மூக்குத் துவாரத்தில் மட்டும் உட்காரும் சிறிய வகை மாஸ்க் கேளுங்கள். மூக்கடைப்பு இருந்தால் முதலில் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள்.

முதல் வாரம் இரவில் வேண்டாம். சாயங்காலம் டிவி பார்க்கும்போது அரை மணி நேரம் மாட்டிக்கொண்டு உட்காருங்கள். அடுத்து மதியத் தூக்கத்தில். அப்புறம்தான் இரவு. அழுத்தம் மெதுவாக ஏறும் ராம்ப் வசதியைப் போட்டு வையுங்கள், மூச்சு முட்டுவது குறையும். மூக்கு காய்வதற்கு ஈரப்பதத் தொட்டி உண்டு, அதில் காய்ச்சி வடித்த நீர் ஊற்ற வேண்டும். கரண்ட் போனால் மூச்சு அடைக்காது, மாஸ்க்கில் அதற்கென்று வழி இருக்கிறது. இன்வெர்ட்டரில் இணைத்துவிட்டால் அந்தக் கவலையும் இல்லை.

மாற்று வழிகளையும் கேட்டிருந்தீர்கள். பிராணாயாமம் செய்யுங்கள், தவறில்லை, ஆனால் 42-ஐ அது இறக்காது. தொண்டைத் தசைப் பயிற்சிகள் நடுத்தர ஆப்னியாவில் ஓரளவு உதவுவதாகக் காட்டியிருக்கிறார்கள். ஆஸ்திரேலியப் பழங்குடியினரின் டிட்ஜெரிடூ என்ற நீளக் குழலை நான்கு மாதம் ஊதிப் பழகியவர்களுக்குக் குறைந்தது என்று சுவிட்சர்லாந்தில் ஓர் ஆய்வுகூட உண்டு. கீழ்த்தாடையை முன்னே இழுத்து வைக்கும் பல் கருவி, பக்கவாட்டில் படுப்பது, எடையில் பத்து சதவீதம் குறைப்பது, சிலருக்கு அறுவை சிகிச்சை, இப்போது டிர்செபடைட் ஊசி எனப் பட்டியல் நீளம். அந்த ஊசி உடல்பருமன் உள்ளவர்களுக்கு. 71 சதவீதம் வரை இறங்கும் ஒருவருக்கு நான் முதலில் கொடுப்பது சிபாப்தான். ஆறேழு கிலோ குறைத்தால் அழுத்தத்தையும் குறைக்கலாம்.

வண்டி, தொழில், ஆபரேஷன்

ரயில்வே கேட்டில் நின்றபோது தூங்கினீர்கள் என்பதால் இந்தக் கடிதம் வந்திருக்கிறது. ஓடும்போது தூங்கியிருந்தால்? ஐம்பது கிலோமீட்டர் வேகத்தில் மூன்று விநாடி கண் மூடினால் வண்டி நாற்பது மீட்டர் தானாக ஓடியிருக்கும். சிகிச்சை எடுக்காத ஆப்னியாவில் விபத்து வாய்ப்பு இரண்டு, மூன்று மடங்கு ஆகிறது. லைசென்ஸ் செல்லுபடியில் இருப்பது வேறு, ஓட்டும் நிலையில் நாம் இருப்பது வேறு. மிஷினை ஒழுங்காகப் போட்டு, பகல் கண் சொருகல் நின்று, உங்கள் டாக்டரும் சரி என்று சொல்லும்வரை பைக் வேண்டாம். இடம் பார்க்கப் போகும்போது பார்ட்டியின் வண்டியில் போங்கள்.

தொழிலை விட வேண்டாம். முப்பது வருஷ அனுபவம் உள்ள ஆள், சிகிச்சையே தொடங்காமல் கடையை மூடுவது அவசரம். மகன் சொல்வது அக்கறையில்தான், அதை அவரிடமும் சொல்லுங்கள். ஆனால் இந்த மூன்று மாதம் வேலையின் முறையை மாற்றுங்கள். புதுப் பத்திரம் காலை பதினொரு மணிக்குள். மதியத்துக்கு மேல் கையெழுத்து வாங்குவது, நகல் எடுப்பது மாதிரி வேலை. சர்வே எண்ணையும் நான்கெல்லையையும் உதவியாளர் பட்டாவையும் புலப்படத்தையும் பார்த்து உரக்கப் படிக்கட்டும், நீங்கள் பத்திரத்தில் விரலை வைத்துச் சரிபாருங்கள். ஒருவரே இரண்டையும் பார்த்தால் கண் தான் எதிர்பார்த்ததைத்தான் படிக்கும். தூங்கி எழுந்த மூளைக்கே அது நடக்கும்.

குடலிறக்க ஆபரேஷனை நீங்கள் ஒரு வரியில் எழுதிவிட்டுப் போய்விட்டீர்கள். மயக்க மருத்துவரிடம் "எனக்குக் கடுமையான ஸ்லீப் ஆப்னியா இருக்கிறது" என்று நீங்களே வாய்விட்டுச் சொல்லுங்கள். ரிப்போர்ட்டைக் கையில் கொடுங்கள், மிஷினையும் ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போங்கள். மயக்க மருந்தும் அதன் பிறகு தரும் சில வலி நிவாரணிகளும் தொண்டையை அடைத்துவிடக்கூடியவை. அவசரமில்லாத ஆபரேஷன் என்றால் மிஷினுக்குப் பழகும்வரை சில வாரம் தள்ள முடியுமா என்று சர்ஜனிடம் கேளுங்கள்.

தூக்கப் பரிசோதனையின் முழு ரிப்போர்ட்டைத் தரவில்லை, ஒரு பக்கம்தான் தந்தார்கள் என்று குறைபட்டிருந்தீர்கள். அது உங்கள் உரிமை. 2002-ஆம் ஆண்டின் மருத்துவ நெறிமுறை விதிகளின்படி நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் பதிவேடுகளைத் தர வேண்டும். தேதி போட்டு எழுத்தில் கேளுங்கள், மனு எழுத உங்களுக்கா சொல்லித்தர வேண்டும்? புது மருத்துவக் காப்பீடு எடுக்கும்போது இந்த நோயை மறைக்காதீர்கள். மறைத்தது பின்னால் தெரிந்தால் கிளெய்மை நிராகரிக்க அதுவே காரணமாகிவிடும்.

வீடியோவில் கேட்ட அந்த எண்ணும் குரலைப் பற்றி ஒரு வார்த்தை. பதினைந்து வருஷம் குறட்டையால் ஹாலுக்குப் போனவர், மூச்சு திரும்புகிறதா என்று பார்க்க எத்தனை இரவு எழுந்து வந்தாரோ. அவருக்கும் தூக்கம் கெட்டிருக்கிறது. இப்போதைய மிஷின்களின் சத்தம் உங்கள் குறட்டையில் கால்வாசிகூட இல்லை, அவர் அறைக்குத் திரும்பலாம். பெரியவர்களின் குறட்டையைக் கிண்டல் செய்யும் உங்கள் மகனும் குறட்டை விடுவதாகக் கடிதத்தின் ஓரத்தில் எழுதியிருக்கிறீர்கள். அவரையும் ஒருமுறை டாக்டரிடம் அனுப்புங்கள், தாடையின் அமைப்பு குடும்பத்தில் வருவது.

மிஷினுக்குள் ஒரு கார்டு இருக்கும், அல்லது செல்போன் செயலியில் கணக்கு இருக்கும். மூன்று மாதம் கழித்து எனக்கு எழுதும்போது அதிலிருந்து மூன்று எண்களை மட்டும் அனுப்புங்கள்: இரவுக்குச் சராசரியாக எத்தனை மணி நேரம் போட்டீர்கள், காற்று ஒழுக்கு எவ்வளவு, மிஷின் போட்ட பிறகு ஏ.எச்.ஐ. எத்தனை. எண்களை உதவியாளரையும் ஒருமுறை படித்துப் பார்க்கச் சொல்லிவிட்டு அனுப்புங்கள்.